சென்னையா, கோவையா, சொந்த ஊரா? பெற்றோருக்கு இல்லம் தேடும் முன் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

அப்பாவுக்கு 81, அம்மாவுக்கு 76. கும்பகோணத்தில் சொந்த வீடு. மகன் டல்லாஸில், மகள் சென்னையில். அப்பா குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்துவிட்டார். “எந்த முதியோர் இல்லம் நல்லது, ஒரு பெயர் சொல்லுங்கள்” என்கிறார்கள். வயதும் ஊரும் மாறினாலும், எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதே அச்சில் வார்த்தவை.

பெயர் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இல்லத்தின் மேலாளர் மாறுவார், சமையல்காரர் மாறுவார், நிர்வாகமே கைமாறும். ஊரின் ஆஸ்பத்திரியும் தண்ணீரும் வெயிலும் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. உங்கள் வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேரும் தொலைவும் அப்படித்தான். ஆகவே முதலில் ஊரை முடிவு செய்யுங்கள், கட்டடத்தைப் பிறகு பார்க்கலாம் என்பதே என் பதில். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், 2021-க்கான மதிப்பீடு 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம். இல்லங்கள் புற்றீசல் போல் முளைப்பதில் வியப்பில்லை. விளம்பரத் தாள்கள் எல்லாமே பசுமை, கோயில், சாத்வீக உணவு என்று ஒரே பாட்டைப் பாடுவதிலும் வியப்பில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

உடல்நிலை. இன்றைய உடல்நிலையை மட்டும் பார்த்து இடம் பிடிப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது என்று ஆறு செயல்களை வைத்து மருத்துவர்கள் ஒருவரின் தற்சார்பை அளக்கிறார்கள். ஆறையும் தானே செய்பவருக்கு ஒரு வகை இடம், இரண்டில் உதவி தேவைப்படுபவருக்கு இன்னொரு வகை. இன்று ஆறும் முடிகிறது, ஆனால் பார்க்கின்சன் நோய் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றால், மூன்றாண்டுக்குப் பிந்தைய அப்பாவுக்குத்தான் இடம் தேட வேண்டும்.

இரவு இரண்டு மணி ஆஸ்பத்திரி. பக்கவாதம் வந்தால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்தால் இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை நடப்பது நல்லது. சிறுநீரகம் பழுதானவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ். “அருகில் ஆஸ்பத்திரி உண்டு” என்பது போதாது. எந்த ஆஸ்பத்திரி, இரவில் அங்கே யார் இருப்பார்கள், கூட வண்டியில் ஏறுவது யார்?

செலவு. மாதக் கட்டணத்தோடு முன்பணம், ஆண்டு உயர்வு, படுத்த படுக்கையானால் கூடும் தொகை ஆகியவையும் சேர்ந்ததுதான் செலவு.

அன்றாட வாழ்க்கை. மாலையில் நடக்க இடம், காலையில் செய்தித்தாள், பேசத் தமிழ், வாய்க்கு ஒத்த காபி.

யார் வருவார்கள்? என் கணக்கில் மற்ற நான்குக்கும் சேர்த்து உள்ள எடை இதற்கு உண்டு. வாரம் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல், அரை மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடிய ஒருவர் எந்த ஊரில் இருக்கிறார்? ஆளில்லாத முதியவர், ஆள் வந்து போகும் முதியவர் என்ற வித்தியாசத்தை இல்லத்து ஊழியர்கள் ஒரு மாதத்தில் புரிந்துகொள்வார்கள். கவனிப்பும் அதற்கேற்ப அமையும். இது அவர்களின் கெட்ட குணம் அன்று. ஆள் குறைவான எந்த இடத்திலும் நடப்பதுதான்.

## ஒரே பார்வையில்

| | சென்னை | கோவை | கும்பகோணம் (சொந்த வீடு) | ஸ்ரீரங்கம் |
|---|---|---|---|---|
| பெரிய ஆஸ்பத்திரி | ஏராளம்; முதியோருக்கென்றே தனி அரசு மருத்துவமனை | தரமானவை; அவினாசி சாலைப் பக்கம் அதிகம் | தஞ்சை 40 கி.மீ. | பாலம் தாண்டினால் திருச்சி |
| மறதி நோய்க்கான கவனிப்பு | கிடைக்கும் | ஓரளவு | வீட்டார் பொறுப்பு | குறைவு |
| மாதச் செலவு | அதிகம் | நடுத்தரம் முதல் அதிகம் வரை | வெளிப்பார்வைக்குக் குறைவு | நடுத்தரம் |
| தட்பவெப்பம் | புழுக்கம், வெள்ளம் | நான்கிலும் இதமானது | கோடையில் கடுமை | கோடையில் கடுமை |
| மறைந்திருக்கும் சுமை | நெரிசல், அறைக்குள் அடைபடுதல் | வீட்டை மறுபடி விற்பது | மேற்பார்வை பார்க்கும் ஆள் | ஆஸ்பத்திரிக்குத் துணை வரும் ஆள் |

## சென்னை: நோய் முற்றியவருக்கு

கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையில் 200 படுக்கைகள் இருக்கின்றன. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்துக்குத் தனித்துறை நெடுங்காலமாக இயங்குகிறது. சர்க்கரை, இதயம், சிறுநீரகம், மறதி என நான்கு நோய்கள் ஒரே உடம்பில் இருக்கும்போது, நான்கு டாக்டர்கள் எழுதிய பதினைந்து மாத்திரைகளை ஒரே ஆள் பார்த்து ஏழாகக் குறைப்பது பெரிய விஷயம். அந்த வசதி தமிழ்நாட்டில் வேறெங்கும் இவ்வளவு எளிதில் கிடைக்காது.

மறதி நோய்க்கென்றே நடத்தப்படும் இல்லங்கள், படுத்த படுக்கையானவர்களை மட்டுமே பார்க்கும் இல்லங்கள், வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட் எல்லாம் உண்டு. அட்டெண்டர் ஒருவர் திடீரென நின்றுவிட்டாலும் மறுநாள் மாற்று ஆள் கிடைப்பார்.

குறைகளையும் பார்க்க வேண்டும். பல இல்லங்கள் தனி வீடாகக் கட்டியதை வாடகைக்கு எடுத்து மாற்றியமைத்தவை. லிப்ட் இருக்காது, இருந்தாலும் ஸ்ட்ரெச்சர் நுழையாது. கழிவறைக் கதவு சக்கர நாற்காலியைவிடக் குறுகலாக இருக்கும். ஒரு இஞ்ச் டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள், வெட்கப்படாதீர்கள். 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நினைவில் வையுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் இல்லம் என்றால் கேட்க வேண்டியவை: அந்த நாட்களில் தண்ணீர் எதுவரை வந்தது, ஜெனரேட்டர் தரையில் இருக்கிறதா மேடையில் இருக்கிறதா, ஆக்சிஜன் இயந்திரத்தில் இருந்தவர்களை என்ன செய்தார்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொன்று. சென்னை இல்லங்களில் பராமரிப்பு வேலைக்கு ஒடிசா, ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகள் நிறைய. பொறுமையும் கைப்பக்குவமும் உள்ளவர்கள்தான். ஆனால் மறதி நோய் முற்ற முற்ற, பின்னாளில் கற்ற மொழிகள் நழுவித் தாய்மொழியே மிஞ்சும். தஞ்சைத் தமிழைத் தவிர எதுவும் மிஞ்சாத ஒரு பாட்டி, “ஒண்ணுக்கு வருது” என்று சொல்வது கேட்பவருக்குப் புரிய வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் தமிழ் தெரிந்த ஒருவர் உண்டா என்று கேளுங்கள்.

கட்டணம்: பகிர்ந்த அறையில், உதவி தேவைப்படும் ஒருவருக்கு மாதம் 35,000 முதல் 60,000 வரை சொல்கிறார்கள். தனி அறையும் குழாய்வழி உணவும் என்றால் அதற்கு மேல். அறை, இடம், பேரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். கீழே வரும் தொகைகளையும் இப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

## கோவை: நடமாட்டம் உள்ள தம்பதிக்கு

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் கோவையின் சொத்து. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேரம் வயதானவர்களுக்கென்றே செய்தது போலிருக்கும். சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதியானால் இன்னும் நல்லது. எலும்பு முறிவுக்கும் கண்ணுக்கும் வெளி மாவட்டத்துக்காரர்கள் தேடி வரும் ஆஸ்பத்திரிகள் இங்கே இருக்கின்றன. சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் நேரடி விமானம் உண்டு.

ஓய்வுபெற்றோர் குடியிருப்பு என்ற ஏற்பாடு தமிழகத்தில் நன்றாக வேரூன்றியது கோவையில்தான். தனித்தனி வீடுகள், பொதுச் சமையலறை, ஒரு நர்ஸ், மாலையில் பஜனை அல்லது சீட்டாட்டம். எழுபதைத் தொட்ட, கைகால் நன்றாக இருக்கும், தனிமை மட்டுமே நோயாக இருக்கும் தம்பதிக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வளாகங்களில் பல துடியலூர், வடவள்ளி, பேரூர், தொண்டாமுத்தூர் என்று மேற்கே மலையடிவாரத்தை ஒட்டி இருக்கின்றன. பெரிய ஆஸ்பத்திரிகள் பல கிழக்கே அவினாசி சாலைப் பக்கம். நகரத்தை ஊடறுத்துப் போக வேண்டும். 2025 அக்டோபரில் திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலம் அவினாசி சாலை நெரிசலுக்கு உதவுகிறது என்றாலும், அந்த மேம்பாலம் வரை வந்து சேர்வதுதான் பாடு. (தொண்டாமுத்தூர் பக்கம் இரவில் யானை வருவதும் உண்டு. காட்சிக்கு அழகுதான், ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் கேட்டுப் பாருங்கள்.)

பணத்தில் கவனமாக இருக்க வேண்டிய இடமும் கோவைதான். வீட்டை விலைக்கு வாங்கும் ஏற்பாட்டில் மூன்று முடிச்சுகள் உண்டு. வயது வரம்புள்ள வளாகமானால் வாரிசு அங்கே குடியிருக்க முடியாது. விற்கலாம் என்றால் வாங்குபவரும் முதியவராக இருக்க வேண்டும்; ஆகவே விற்பது மெதுவாக நடக்கும். அதுவரை பூட்டிய வீட்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் ஓடும். இருவருக்கும் சாப்பாடு, பராமரிப்பு, வாடகை சேர்த்து மாதம் 40,000 முதல் 60,000 ஆகிறது என்றால், ஒருவர் காலமான பிறகு மற்றவரின் செலவு பாதியாகக் குறையாது. முக்கால்வாசியில் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கேள்வி: படுத்த படுக்கையானால் என்ன? சில வளாகங்களில் அதற்கென்று தனிப் பகுதி உண்டு. சிலவற்றில் “சொந்தச் செலவில் ஆள் வைத்துக்கொள்ளலாம்” என்று ஒரு வரி மட்டும் இருக்கும். சிலவற்றில் வெளியேற வேண்டியதுதான். ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்த பிறகே நீச்சல்குளத்தைப் பார்க்கப் போங்கள்.

## கும்பகோணம்: சொந்த வீட்டில் ஆள் வைத்துக்கொள்வது

“ஊரை விட்டு வரமாட்டேன்” என்று அப்பா சொன்னால் பிடிவாதம் என்று ஒதுக்காதீர்கள். பால்காரரும் மருந்துக்கடைப் பையனும் கோயில் குருக்களும் அவரைப் பெயர் சொல்லி விசாரிக்கும் ஒரே இடம் அதுதான். நாற்பது ஆண்டு பார்த்த டாக்டர் அங்கே இருக்கிறார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும்; பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும்கூட உண்டு.

24 மணி நேர ஆளுக்கு மாதம் 20,000 முதல் 28,000, சமையலுக்கு ஐந்தாறாயிரம் என்று கணக்குப் போட்டு, சென்னையைவிடப் பாதிதானே என்று பிள்ளைகள் மகிழ்ந்துவிடுகிறார்கள். விட்டுப்போன கணக்கு நிறைய. கூட இருக்கும் ஆளுக்குச் சாப்பாடு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர் ஊருக்குப் போகும்போது மாற்று ஆள். பெரும்பாலும் கிடைக்க மாட்டார். பழைய வீட்டின் உயர்ந்த நிலைப்படி, நடுவில் முற்றம், கொல்லையில் கழிவறை ஆகியவை விழுவதற்கென்றே அமைந்தவை. படுக்கையறையை ஒட்டி ஒரு குளியலறை, கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, இரவு விளக்கு என்று செய்யாமல் இந்த வழியைத் தொடங்கக் கூடாது. அந்த வேலைக்கு இரண்டு மூன்று லட்சம் ஒதுக்குங்கள்.

பெரிய செலவு பணமே அன்று. ஆள் வந்தாரா, மாத்திரை கொடுத்தாரா, நகை பத்திரமா, கேஸ் தீர்ந்ததா என்று தினமும் பார்க்கும் ஒருவர் வேண்டும். அது பெரும்பாலும் அதே தெருவில் இருக்கும் சித்தி அல்லது பெரியப்பா மகன். அவருக்குச் சம்பளம் இல்லை, பெயரும் இல்லை, மூன்றாண்டில் சலிப்பு வரும். அப்படி ஒருவர் இல்லையென்றால், அல்லது அவருக்கே 70 ஆகிவிட்டதென்றால், இந்த வழியை மறந்துவிடலாம்.

பக்கவாதமும் மாரடைப்பும் வந்தால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 40 கிலோமீட்டர். திருச்சி ஏறத்தாழ 90. முன்பே ஒருமுறை வந்தவருக்கு இந்தத் தொலைவு ஏற்றதில்லை.

## ஸ்ரீரங்கம்: நடுவழி

டெல்டாக்காரர்களில் பலர் எண்ணிப் பார்க்காத வழி இது. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் திருச்சியின் ஆஸ்பத்திரிகள், விமான நிலையம். கோயிலும் பேச்சும் சாப்பாடும் கும்பகோணத்துக்காரருக்கு அந்நியமில்லை. உணவும் அறையும் மட்டும் தரும் சிறிய இல்லங்கள் 12,000 முதல் 25,000-க்குள் கிடைக்கின்றன. நர்ஸ் வசதி மெலிந்திருக்கும், ஆஸ்பத்திரியில் சேர்த்தால் துணைக்கு ஆள் அனுப்பமாட்டார்கள், கோடை வாட்டும். ஆறு செயல்களையும் தானே செய்துகொள்ளும், கணவரை இழந்த அம்மாவுக்கு, திருச்சியில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், நான் முதலில் சொல்வது ஸ்ரீரங்கத்தைத்தான்.

## எந்த ஊரானாலும் ஒளிந்திருக்கும் செலவுகள்

ஆண்டு உயர்வைக் கேட்காமல் வராதீர்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் என்றால் இன்றைய 40,000 ஒன்பது ஆண்டில் 80,000 ஆகும். திருப்பித் தரும் முன்பணம் 5 லட்சம் என்றால், 7 சதவீத வட்டியில் மாதம் 2,900 ரூபாயை இழக்கிறீர்கள். அதையும் கட்டணத்தில் சேர்த்து எண்ணுங்கள். முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், இறந்தால் யாரிடம் திரும்பும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். டயப்பர் ஒன்று 40 ரூபாய், நாளைக்கு நான்கு என்றால் மாதம் 4,800. ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் அறை வாடகை உண்டா? மாதக் கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி. உண்டா?

வரவுப் பக்கமும் பாருங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் அது மாதம் 20,500-க்குச் சமம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். இருவரும் முழுத் தொகை போட்டால் 41,000. கும்பகோணத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் அது போதும். சென்னையில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவருக்கே இழுபறி. 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் மத்தியக் காப்பீட்டு அட்டை 2024 அக்டோபரில் வந்தது. இல்லத்துக்கு அருகிலுள்ள ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். காப்பீடு சிகிச்சைக்குத்தான், இல்லத்தின் மாதக் கட்டணத்துக்கு அது வராது.

சட்டமும் ஓரளவு துணை நிற்கும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவு, பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது ரத்து செய்ய வழி தருகிறது. அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருப்பது நல்லது. முதியோர் உதவி எண் 14567.

## யாருக்கு எது?

மறதி நோய் தொடங்கிவிட்டது, டயாலிசிஸ் ஓடுகிறது, அல்லது மகளோ மகனோ சென்னையிலேயே இருக்கிறார் என்றால் சென்னை. மகள் வீட்டிலிருந்து அரை மணிக்குள் இருக்கும் சுமாரான இல்லம், இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் நேர்த்தியான இல்லத்தைவிட மேல்.

பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், இருவரும் நடமாடுகிறார்கள், பணம் தடையில்லை என்றால் கோவை. முதல் இரண்டு ஆண்டுக்காவது வாடகைக்கு மட்டும் இருங்கள், வீடு வாங்காதீர்கள்.

தெருவில் ஆள் உண்டு, நோய் கட்டுக்குள் இருக்கிறது என்றால் கும்பகோணத்து வீடே. முதலில் சொன்ன 81 வயது அப்பாவின் விஷயத்தில் தெருவில் இருந்த ஒரே உறவினர் திருப்பூருக்குப் போய்விட்டார், மகள் சென்னையில். எனவே நான் சென்னையைச் சொல்வேன், அப்பாவுக்குப் பிடிக்காவிட்டாலும்.

பார்க்கப் போகும்போது ஞாயிறு காலை பதினொன்றுக்குப் போகாதீர்கள், எல்லா இல்லமும் அப்போது பளிச்சென்று இருக்கும். வார நாளில் மாலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போங்கள். இரவு ஷிப்டில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று எண்ணுங்கள். உட்கார்ந்து பேசுபவர்களை விட்டுவிட்டு, படுத்திருப்பவர்களின் முதுகையும் குதிகாலையும் பாருங்கள். படுக்கைப்புண் இருக்கும் இடத்தில் மற்ற எதையும் கேட்க வேண்டியதில்லை. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இல்லம் பதிவாகியிருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

ஒரு மாதம் தங்கிப் பார்க்க இடம் தருவார்களா என்று கேளுங்கள்; நல்ல இடங்கள் தருகின்றன. முதல் மூன்று வாரம் யாருக்கும் பிடிக்காது, அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நான்காவது வாரத்திலும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வர மறுத்து அறையிலேயே சாப்பிடுகிறார் என்றால்தான் யோசிக்க வேண்டும். முதல் ஓராண்டு ஊர் வீட்டை விற்கவும் வேண்டாம், நீண்ட கால வாடகைக்கு விடவும் வேண்டாம். திரும்பிப் போக வீடு இருக்கிறது என்று தெரிந்தால், பல அப்பாக்கள் புது இடத்தில் தங்கச் சம்மதிக்கிறார்கள்.